பக்கத்து சீட்டின் பிரேக்

1

முதலில் ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இல்லாவிட்டால் கதை முடியும்வரை அது தொண்டையில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருக்கும். இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் மூன்றரை மணிக்கு. அப்போது என் அக்கா சமையலறை மேசையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து "அழாதேக்கா, அழாதேக்கா" என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். சொன்னது வாய் மட்டும்தான். உள்ளே ஒருத்தன் துள்ளிக் குதித்துக்கொண்டிருந்தான். கிடைச்சுதுடா, கிடைச்சுதுடா என்று அவன் போட்ட ஆட்டத்தில் அக்கா சொன்னதில் பாதி என் காதில் விழவில்லை.

ஏழு மாதமாக நான் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவனுக்கு அவல் கிடைத்த கதைதான், அதுவும் கூடப்பிறந்தவளின் கண்ணீரில் ஊறிய அவல். வெட்கமாக இருக்கிறது. வெட்கத்தைவிடச் சந்தோஷம் கூடுதலாக இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

அக்கா ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் பயிற்சியாளர். மாடியில் அவள் குடியிருக்கிறாள், கீழே நான். பத்தொன்பது வருடமாக, ஓட்டத் தெரியாதவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து தெருத்தெருவாகச் சுற்றுவது அவள் பிழைப்பு. அந்தச் சின்னக் காரில் அவள் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் பெடல் உண்டு. பழகுகிறவர் தடுமாறினால் அவள் மிதிப்பாள், கார் நிற்கும். லைசென்ஸ் டெஸ்ட் அன்று மட்டும் சங்கதி வேறு. பழகியவர் ஓட்டுவார், அக்கா பக்கத்தில் இருப்பாள், தேர்வு அதிகாரி பின்சீட்டில் இருப்பார். அக்காவின் பெடல் அழுந்தினால் அதிகாரியின் கண்ணெதிரே ஒரு மஞ்சள் விளக்கு எரியும். எரிந்தால் ஓட்டியவர் ஃபெயில். அதற்கு மேல் பேச்சே கிடையாது.

கடந்த ஐந்து வாரத்தில் அந்த விளக்கு ஏழு முறை எரிந்திருக்கிறது. ஏழு முறையும் மிதிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அதிகாரி சொன்னார், ஃபெயிலான ஏழு பேரும் சொன்னார்கள், மூக்கைத் துடைத்துக்கொண்டு அக்காவும் சொன்னாள்.

"அதுக்கு முன்னாடி எத்தனை தடவைக்கா?"

"இத்தனை வருஷத்துல மூணு தடவை. மூணும் நெஜமாவே ஆபத்து."

"இப்ப மட்டும் என்ன ஆச்சு?"

அவள் மேசையின் ஓரத்தை நகத்தால் சுரண்டினாள். "ரெண்டு கிலோ ஏறிடுச்சு," என்றாள்.

புரியாதவர்களுக்காக: என் அக்கா இரண்டரை வருடத்துக்கு முன்னால் எடை குறைக்க ஆரம்பித்தாள். முப்பத்தொரு கிலோ குறைத்தாள். பதினான்கு மாதம் அது அப்படியே நின்றது. இப்போது ஐந்து வாரத்தில் இரண்டு கிலோ திரும்பி வந்திருக்கிறது. எடை ஏறத் தொடங்கிய அதே வாரத்தில்தான் அவள் காலும் தன் இஷ்டத்துக்குப் போகத் தொடங்கியிருக்கிறது.

பள்ளி முதலாளிக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் ஹாரன். அவரால் மெதுவாகப் பேச முடியாது. அன்று காலை அவர் மெதுவாகப் பேசியிருக்கிறார், அதுதான் அக்காவைப் பயமுறுத்தியிருக்கிறது. "அடுத்த வாரம் வியாழக்கிழமை ஒரு டெஸ்ட் இருக்கும்மா. இன்னொரு தடவை காரணம் இல்லாம அந்த விளக்கு எரிஞ்சா, நீங்க வண்டியில வேணாம். உள்ள உக்காந்து ரோட்டுப் பலகைக்கு அர்த்தம் சொல்லிக் குடுங்க."

"நான் வண்டியில இருக்கணும்டா," என்றாள் அக்கா. "எனக்குத் தெரிஞ்ச ஒரே வேலை அது."

இந்த இடத்தில் ஒரு நல்ல தம்பி என்ன சொல்லியிருப்பான் என்று எனக்குத் தெரியாது. நான் சொன்னது: "அக்கா, இதை எழுதட்டுமா?"

அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். "எழுதித் தொலை. ஆனா நான் படிப்பேன். பென்சிலோட படிப்பேன்."

2

ஆரம்ப வரிகள். மூன்று எழுதினேன். ஒரே மூச்சில், கை வலிக்க வலிக்க. மூன்றையும் இங்கே வைக்கிறேன், அக்காவின் பென்சிலோடு.

முதல் ஆரம்பம்: "அவள் முப்பத்தொரு கிலோவை இழந்தாள்."

(பென்சில்: எங்க இழந்தேன், பஸ்லயா? யாராவது எடுத்துட்டு வந்து குடுத்துடப் போறாங்க.)

இரண்டாம் ஆரம்பம்: "ஆளுயரக் கண்ணாடியின் முன்னால் நின்று அவள் தன்னையே உற்றுப் பார்த்தாள். அங்கே ஒரு அந்நியப் பெண்…"

(பென்சில்: எங்க வீட்டுல கண்ணாடி முகம் அளவுக்குத்தான் இருக்கு, அதுவும் குளியலறையில. குண்டா இருந்தவங்கன்னாலே கண்ணாடி முன்னாடி நிப்பாட்டணும்னு உங்களுக்கெல்லாம் யாராவது சொல்லிக் குடுத்தாங்களா?)

மூன்றாம் ஆரம்பம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. "உடல் என்பது நாம் குடியிருக்கும் வீடு என்றால், வாடகை ஒழுங்காகக் கொடுத்து வந்த ஒருத்தியை ஒருநாள்…" இதோடு விட்டுவிட்டேன். பென்சிலே தேவைப்படவில்லை. நானே படித்துப் பார்த்து நானே கூசிப்போனேன்.

பிறகு அக்காவிடமே கேட்டேன், எங்கே ஆரம்பிக்கலாம் என்று. "கார்ல ஆரம்பி," என்றாள். "அங்கதான் எல்லாம் நடக்குது."

சரி, கார். எடை கூடியிருந்த காலத்தில் அவள் சீட்டை, அது நகரும் தடத்தின் கடைசிப் பல்வரைக்கும் பின்னால் தள்ளித்தான் உட்கார முடியும். இப்போது மூன்று பல் முன்னால் வந்திருக்கிறது. ஆனாலும் தினமும் காலையில் ஏறியதும் முதலில் கடைசிப் பல்வரை பின்னால் தள்ளுவாள். உட்காருவாள். முன்னால் எவ்வளவு இடம் காலியாக இருக்கிறது என்று பார்ப்பாள். பிறகுதான் முன்னால் இழுப்பாள். நிறுத்தியிருக்கும் இரண்டு கார்களுக்கு நடுவில் நடக்கும்போது இன்னும் பக்கவாட்டில்தான் திரும்பி நடக்கிறாள். இரண்டு பேர் கைகோத்துக்கொண்டு போகிற அளவுக்கு இடம் இருந்தாலும் சரி. உடம்பு இளைத்த செய்தி அவள் தோளுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

(பென்சில்: இது உண்மை. நீ கவனிச்சிருக்கேன்னு எனக்குத் தெரியாது.)

3

இங்கே ஒரு கதாபாத்திரத்தை நான் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது.

அடுத்த வாரம் வியாழக்கிழமை டெஸ்ட் எழுதப்போகிறவர், இல்லை, ஓட்டப்போகிறவர் (அக்கா சொன்னால்தான் திருத்துவேன் என்று இல்லை) ஒரு பல் டாக்டர். ஐம்பது வயது, கைநடுக்கம் இல்லாத மனிதர், ஸ்டியரிங் பிடித்தால் மட்டும்…

(பென்சில்: யாரு இந்தப் பல் டாக்டர்?)

பிடிபட்டுவிட்டேன். பல் டாக்டர் என்று யாரும் இல்லை. உண்மையான ஆள் ஒரு பேக்கரி வைத்திருக்கும் அம்மா. எல்லாரும் கேக்கம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவரை நான் ஏன் பல் டாக்டராக மாற்றினேன் என்றால், நீங்கள் நம்ப மாட்டீர்கள் என்று பயந்தேன். எடை ஏறிவிடுமோ என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கும் ஒருத்தி, தினமும் ஒரு மணி நேரம், கண்ணாடி ஏற்றிய சின்னக் காருக்குள், வெண்ணெயும் சர்க்கரையும் மணக்கும் ஒரு பெண்மணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். இதை நான் கற்பனையில் எழுதியிருந்தால் "ரொம்பத்தான் வசதியாப் போச்சு உனக்கு" என்று பத்திரிகை ஆசிரியர் திருப்பி அனுப்பியிருப்பார். நிஜத்துக்கு ஆசிரியர் யாரும் இல்லை, அதனால் அது கூச்சமில்லாமல் எழுதிக்கொண்டு போகிறது.

ஆக, கேக்கம்மா. அக்காவைவிட எட்டு வயது பெரியவர். புருவத்தில்கூட மாவு ஒட்டியிருக்கும். மூன்றடுக்குக் கேக்கை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போய்ப் போய் அலுத்துவிட்டதாம், சொந்தமாக ஒரு வேன் வாங்கி வைத்திருக்கிறார். வேன் ஆறு மாதமாக வாசலில் நிற்கிறது. இரண்டு முறை டெஸ்டுக்குப் போனார். முதல் முறை தன் தப்பால் ஃபெயில். இரண்டாவது முறை அந்த மஞ்சள் விளக்கால். மூன்றாவது முறையும் ஃபெயிலானால் அடுத்த வாய்ப்புக்கு ஒரு வருடம் காத்திருக்க வேண்டும்.

ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு சின்ன அட்டைப்பெட்டி கொண்டுவருவார். "டீச்சர், இது உடைஞ்சது, விக்க முடியாது" என்பார். உடைந்ததாக ஒருநாளும் இருந்ததில்லை. அக்கா வாங்கி டாஷ்போர்டுப் பெட்டிக்குள் வைத்து மூடிவிடுவாள். மாலையில் அது என் மேசைக்கு வந்துவிடும்.*

* இந்த ஆறு மாதத்தில் நான் நான்கு கிலோ ஏறியிருக்கிறேன். அதைப் பற்றி யாரும் கதை எழுதவில்லை, நான் உட்பட.

4

இந்தப் பகுதியைக் கட்டுரையாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒன்று பிடிபட்டிருக்கிறது, அதைச் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும்.

எடை குறைப்பது கதை. அதில் ஆரம்பம் இருக்கிறது, வில்லன் இருக்கிறான், வாராவாரம் முன்னேற்றம் இருக்கிறது. பார்க்கிறவர்கள் எல்லாரும் ரசிகர்கள். "அட, இளைச்சுட்டியே" என்று தெருமுனையில் நிறுத்திக் கேட்பார்கள். குறைத்ததைக் காப்பாற்றுவதில் கதை எங்கே இருக்கிறது? அங்கே ஒன்றுமே நடப்பதில்லை. நடக்காமல் பார்த்துக்கொள்வதுதான் வேலையே. "போன மாசம் மாதிரியே இருக்கியே, சபாஷ்" என்று உலகத்தில் யாராவது யாரையாவது பாராட்டியிருக்கிறார்களா? முதல் ஆறு மாதம் கைதட்டினார்கள். பிறகு "என்ன, முகமெல்லாம் வத்திப்போச்சு, சர்க்கரை வியாதி ஏதாவதா?" என்றார்கள். பிறகு ஒன்றும் சொல்வதில்லை. கைதட்டல் நின்ற அந்த மௌனத்தில் அக்கா தன்னந்தனியாக, பசியோடு, பதினான்கு மாதம் நின்றிருக்கிறாள்.

(பென்சில்: பசி மட்டும் இல்ல. கோபம். இப்ப அழகா இருக்கேன்னு சொன்னவங்க மேல எல்லாம் கோபம். அப்ப முன்னாடி என்னவா இருந்தேன்? இதையும் எழுது.)

எழுதிவிட்டேன்.

இப்போது காலுக்கு வருவோம். எனக்கு ஒரு அருமையான விளக்கம் தோன்றியது. சீட் மூன்று பல் முன்னால் வந்ததால் அவள் கால் பெடலுக்கு நெருங்கிவிட்டது, அவ்வளவுதான், இதில் மனசும் இல்லை மண்ணாங்கட்டியும் இல்லை. மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஓடிப்போய் அவளிடம் சொன்னேன். அவளும் பரபரப்பாகிவிட்டாள். மறுநாள் சீட்டைக் கடைசிப் பல்லிலேயே விட்டுவிட்டு வகுப்பு எடுத்தாள்.

சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றினாள். "பதினோரு தடவை," என்றாள். "காலை நீட்டி நீட்டி மிதிச்சேன். தொடை வலிக்குது."

இரண்டு நாள் கழித்து இன்னொன்று நடந்தது. நான் அடுப்பில் முட்டை பொரித்துக்கொண்டிருந்தேன். அக்கா பின்னால் மேசையில் உட்கார்ந்திருந்தாள். டொக் என்று ஒரு சத்தம். திரும்பினேன்.

"என்னக்கா மிதிச்சே?"

"ஒண்ணும் இல்லையே."

"தரையை மிதிச்சே. சத்தம் கேட்டுச்சு."

அவள் மேசைக்குக் கீழே குனிந்து தன் காலை யாருடையதோ என்பது போலப் பார்த்தாள். "நீ எண்ணெய் ஊத்தினே," என்றாள் மெல்ல.

நான் எண்ணெய்ப் புட்டியைக் கீழே வைத்துவிட்டு நோட்டை எடுக்க ஓடினேன். முட்டை கருகிவிட்டது.

5

இந்தப் பகுதியை எழுத எனக்கு விருப்பமில்லை. இதுவரை இருந்த உற்சாகம் இங்கே கொஞ்சம் இறங்கும்.

வியாழக்கிழமைக்கு நான்கு நாள் இருக்கும்போதே நான் முடிவை எழுதிவிட்டேன். எழுத்தாளனுக்கு அவ்வளவு பொறுமை ஏது. அந்த முடிவில் விளக்கு எரிகிறது. கேக்கம்மா ஃபெயிலாகிறார். அக்கா ரோட்டுப் பலகைகளுக்கு அர்த்தம் சொல்லிக்கொண்டு நாற்காலியில் உட்காருகிறாள், மாதங்கள் போகின்றன, முப்பத்தொரு கிலோவும் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பி வருகிறது. கடைசி வரி மிகவும் சோகமாக, மிகவும் அழகாக இருந்தது. எழுதிவிட்டு அறைக்குள் இரண்டு சுற்றுச் சுற்றி நடந்தேன்.

அக்கா தாளைச் சுருட்டிக் கையில் பிடித்தபடி கீழே வந்து, விரித்துக் காட்டினாள்.

"கடைசிப் பக்கத்துல நான் பென்சில் வைக்கலை. பாத்தியா?"

"பாத்தேன்."

"ஏன்னு கேளு."

"ஏன்க்கா?"

"எதுக்கு வைக்கணும், நீதான் எல்லாத்தையும் முடிச்சுட்டியே."

"அது கதைக்கா. கதைன்னா கடைசியில ஒரு அடி விழணும். அப்பதான் படிக்கிறவங்களுக்கு…"

"டேய்." அவள் உட்கார்ந்தாள். "மொதல் தடவை இருபது கொறைச்சேன், இருபத்து நாலு ஏறுச்சு. ரெண்டாவது தடவையும் அப்படித்தான். அப்ப யாரும் ஒரு வார்த்தை சொல்லலை. மழை வரும்னு காத்துக்கிட்டிருக்கறவங்க மழை வந்தா ஆச்சரியப்படுவாங்களா? எல்லாரும் காத்துக்கிட்டிருந்தாங்க. இப்பவும் காத்துக்கிட்டிருக்காங்க. நீயும்தான்."

"நான் இல்லக்கா."

"அப்ப அந்த அகல நாற்காலி ஏன் இன்னும் மாடிப்படிக்குக் கீழ இருக்கு?"

கைப்பிடி இல்லாத அகலமான நாற்காலி அது, அவளுக்காக நான் வாங்கியது. அவள் இளைத்ததும் அதை மாடிப்படிக்குக் கீழே தள்ளி ஒரு பழைய விரிப்பைப் போட்டு மூடிவைத்தேன். நல்ல மரம், தூக்கிப் போட மனசு வரவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். நான் காத்துக்கொண்டுதான் இருந்தேன். பழைய அக்காதான் அக்கா, இவள் கொஞ்ச நாள் வந்து தங்கிவிட்டுப் போகும் விருந்தாளி என்று என் மனசுக்குள் எங்கேயோ இருந்திருக்கிறது. அதை அவள் தினமும் மாடிப்படி ஏறும்போதெல்லாம் பார்த்திருக்கிறாள். எனக்கு அவமானமாக இருந்தது. இன்னும் இருக்கிறது.

"ரெண்டு கிலோவை என்னால நிறுத்த முடியலடா," என்றாள் அக்கா. குரல் உடையவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "கொறைவாச் சாப்பிட்டுப் பாத்துட்டேன். அதிகமா நடந்து பாத்துட்டேன். ஒரு நாளைக்கு அஞ்சு தடவை எடை மெஷின்ல ஏறிப் பாத்துட்டேன். அது நிக்கல. அதனால நிக்கக்கூடிய எதையாவது பாத்து நிறுத்திக்கிட்டே இருக்கேன். பாவம், ஏழு பேர்."

நான் அந்தக் கடைசிப் பக்கத்தை வாங்கிக் கிழித்தேன். பிறகு நாற்காலியைத் தூக்கி வெளியே போடலாம் என்று எழுந்தேன்.

"நாற்காலியைப் போடாதே, நல்ல மரம்," என்றாள். "மூடி வச்சிருக்கற துணியை மட்டும் எடு."

துணியை எடுத்தேன். இப்போது நாற்காலி சாப்பாட்டு மேசையருகில் இருக்கிறது. நான்தான் உட்காருகிறேன், எனக்குச் சரியாக இருக்கிறது.

6

வியாழக்கிழமை காலை பத்து மணி. மறுபடியும் என் நெஞ்சு துள்ள ஆரம்பித்துவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள்.

தேர்வு மையத்தின் மதில்சுவரை ஒட்டி நானும் ஹாரனும் நின்றோம். கார் எங்களிடமிருந்து பத்தடி தூரம்கூட இல்லை. கேக்கம்மா ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாயை அசைத்துக்கொண்டிருந்தார், பிரார்த்தனையோ என்னவோ. அக்கா பக்கத்து சீட்டில் ஏறினாள். கடைசிப் பல்வரை பின்னால் தள்ளினாள். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். பிறகு, நான் என் கண்ணால் பார்த்தேன், இரண்டு காலையும் தூக்கி மடக்கிச் சீட்டின் மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

என் அக்கா சம்மணம் போட்டு நான் கடைசியாகப் பார்த்தது அவளுடைய பன்னிரண்டாவது வயதில்.

தேர்வு அதிகாரி கையில் கோப்போடு வந்து பின்கதவைத் திறந்தார். ஏறப்போனவர் அப்படியே நின்றார்.

"என்னம்மா இது?"

"சும்மா உக்காந்திருக்கேன் சார்."

"காலைக் கீழ வைங்க."

"வச்சா மிதிச்சிடுவேன் சார். அவங்களுக்கு இது மூணாவது தடவை."

அதிகாரி கோப்பை மூடினார். மெலிந்த, தூக்கமில்லாத முகம். கோபப்படுவார் என்று நினைத்தேன், படவில்லை. "நடுரோட்டுல மிதிக்க வேண்டி வந்தா யாரும்மா மிதிப்பா? எனக்குப் பின்சீட்ல பெடல் இல்ல. உங்க கால் அங்க இல்லாம இந்த வண்டி இந்த கேட்டைத் தாண்டாது. கால் இருக்கணும். மிதிக்கிறதும் மிதிக்காததும் உங்க பாடு."

"டீச்சர், எறக்குங்க," என்றார் கேக்கம்மா ரோட்டைப் பார்த்தபடியே. "நீங்க மிதிச்சா மிதிச்சுட்டுப் போங்க. நான் பஸ்லயே போறேன், பழகிடுச்சு."

அக்கா ஒரு காலை இறக்கினாள். கொஞ்சம் பொறுத்து இன்னொரு காலை. சீட்டை மூன்று பல் முன்னால் இழுத்தாள்.

கார் போனது. மதில்சுவரிலிருந்து பார்த்தால் நேர் ரோடும் இரண்டு தெருமுனைகளும் தெரியும். முதல் முனையைக் கடந்தார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஹாரன் என் தோளைப் பிடித்து நசுக்கிக்கொண்டிருந்தார். இரண்டாவது முனைக்குச் சற்று முன்னால், காரின் பின்பக்கம் இரண்டு சிவப்பு விளக்கும் பளீரென்று எரிந்தன. கார் குலுங்கி நின்றது.

"போச்சு," என்றார் ஹாரன், ஊருக்கே கேட்கும்படி.

ஆனால் ஒன்று கவனியுங்கள். யார் மிதித்தாலும் பின்னால் அதே சிவப்பு விளக்குதான் எரியும். ஓட்டுகிறவர் கால் மிதித்ததா, பக்கத்தில் இருப்பவர் கால் மிதித்ததா என்று வெளியே நிற்கிறவனுக்குத் தெரியவே தெரியாது. நான் வெளியேதான் நின்றுகொண்டிருந்தேன்.

7

மூன்று முடிவுகள் வைத்திருக்கிறேன்.

ஒன்று: மிதித்தது கேக்கம்மா. பாஸாகிறார். அக்கா ஒரு முழுத் துண்டுக் கேக்கைச் சாப்பிடுகிறாள், மறுநாள் மெஷின் அவளைப் பார்த்து… வேண்டாம், இது பேக்கரி விளம்பரம்.

இரண்டு: மிதித்தது அக்கா. விளக்கு எரிகிறது. ஆனால் அவள் முகத்தில் ஒரு அமைதி… ஃபெயிலான கேக்கம்மாவுக்கு அந்த அமைதியால் என்ன பிரயோஜனம்? அடித்துவிட்டேன்.

மூன்று: இருவரும் ஒரே நொடியில் மிதித்தார்கள். இது எனக்கு மிகவும் பிடித்தது. பிடித்ததாலேயே சந்தேகமாக இருக்கிறது.

கார் திரும்பி வந்தபோது கேக்கம்மா அழுதுகொண்டே இறங்கினார். அவர் எதற்கும் அழுவார், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. நான் ஓடிப்போய் அக்காவின் கையைப் பிடித்தேன். நடந்ததைச் சொல்லு, சொல்லு என்றேன். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, அவள் என் சட்டைப்பையில் இருந்த நோட்டை உருவிக்கொண்டாள்.

"மிச்சத்தை நான் எழுதுறேன்," என்றாள். "நீ உள்ள இல்ல."

8

எனக்கு எழுத வராது. சொல்றேன், படிச்சுக்குங்க.

ரெண்டாவது முனைக்கு முன்னாடி ஒரு வீட்டு கேட்லேருந்து ஒரு வண்டி ரிவர்ஸ்ல வந்துச்சு, பாக்காம. எனக்குத் தெரியறதுக்கு முன்னாடி என் காலுக்குத் தெரிஞ்சுடுச்சு. அது போய்ப் பெடல் மேல உக்காந்துடுச்சு. சத்தியமா நான் அனுப்பலை. அழுத்தலைங்க. ஏன் அழுத்தலைன்னு கேட்டா பெரிய தைரியம் எல்லாம் கெடையாது. குனிஞ்சு கேக்கம்மா காலைப் பாத்தேன். அஞ்சு வாரமா நான் யாரோட காலையும் பாக்கலை, ரோட்டையேதான் வெறிச்சுக்கிட்டிருந்தேன். பத்தொன்பது வருஷமா சொல்லிக் குடுக்கறவ பாக்க வேண்டியது காலைத்தானே. அவங்க கால் ஏற்கெனவே பிரேக்குக்குப் போயிடுச்சு, எனக்கு முன்னாடியே. வண்டி நின்னுச்சு. மஞ்ச விளக்கு எரியலை. என் கால் மட்டும் திரும்பி வர்ற வரைக்கும் நடுங்கிக்கிட்டே இருந்துச்சு. நடுங்கினா ஃபெயில்னு விதி இல்லையாம், அதிகாரியைக் கேட்டேன்.

கேக்கம்மா இப்ப வேன் ஓட்டுறாங்க. நான் வண்டியிலதான் இருக்கேன். ஃபெயிலான ஏழு பேர்கிட்டயும் நேர்ல போய் மன்னிப்புக் கேட்டேன், அஞ்சு பேர் திரும்ப என்கிட்டயே வந்திருக்காங்க.

இதைச் சொன்னதும் என் தம்பி குதிச்சான். "புரிஞ்சுதுக்கா, அதே மாதிரி உன் உடம்பையும் நம்பணும், அதானே" அப்படின்னு எழுதவே ஆரம்பிச்சுட்டான். அந்த வரியை அடிச்சுட்டேன். கேக்கம்மாவுக்கு நான் ஆறு மாசம் சொல்லிக் குடுத்திருக்கேன், அதனால நம்பினேன். என் உடம்பு என்கிட்ட எதையும் கத்துக்கிட்ட மாதிரி தெரியலை. அதை இன்னும் கண்ணை மூடிக்கிட்டு நம்ப முடியாது, நாள் பூரா மிதிச்சுக்கிட்டும் இருக்க முடியாது. காலைக் கீழ வச்சுக்கிட்டுப் பக்கத்துல உக்காந்திருக்கேன். எத்தனை நாளைக்குன்னு கேட்டா எனக்குத் தெரியாது. சில நாள் இதை நெனைச்சா அழுகை வருது. சில நாள் ஞாபகமே வர்றதில்ல, அந்த நாள் ரொம்ப நல்லா இருக்கு.

டெஸ்டுக்கு மறுநாள் மெஷின்ல ஒரு தடவைதான் ஏறணும்னு முடிவு பண்ணினேன். ரெண்டு தடவை ஏறினேன், பொய் சொல்ல மாட்டேன். மூணாவது தடவை ஏறலை.

இன்னிக்குக் காலைலயும் ஏறினேன். அது காட்டின எடை: ______

இந்த எடத்தை நான்தான் காலியா விட்டிருக்கேன். நீங்களே ஒரு நம்பர் போட்டுப் பாருங்க. போட்ட உடனே உங்களுக்கு என்னைப் பத்திப் பாவம்னோ சபாஷ்னோ ஏதோ ஒண்ணு தோணும். அதை நீங்களே வச்சுக்குங்க. எனக்கு ஆறரைக்கு வகுப்பு இருக்கு.